ஆமைப் படத்தில் நான் விட்ட பிழைகள்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் இருக்கிறது. கிளிநொச்சிப் பக்கம், வாய்க்கால் கரையோடு உள்ளே வந்தால் வயலுக்கும் காட்டுக்கும் நடுவில் நிற்கிற நீட்டுக் கட்டடம். அங்கே பிள்ளைகளுக்குச் சோறு சமைக்கிறவள் நான். கன வருசமாய்ச் சமைக்கிறேன். ஒரு நாளும் சோறு குழைந்ததில்லை, பருப்பு அடிப்பிடித்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைதான் என்றாலும்.

மாதர் சங்கத்துக்கும் நான்தான் தலைவி. தலைவி என்றால் வருகிற கடிதங்களைக் கூட்டத்தில் வாசிக்கவேண்டும், கையெழுத்து வைக்கவேண்டும். கையெழுத்து எனக்கு வடிவாய் வரும். வாசிப்புத்தான் வராது. அது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தனான் என்று சொல்லி வைத்திருந்தேன். கடிதம் வந்தால், கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திட்டன் என்று செயலாளர்ப் பிள்ளையிடம் நீட்டுவேன். அவள் வாசிப்பாள், நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உண்மையில் நான் பள்ளிக்கூடம் போனது ஒரே ஒரு வருசம். அது யாழ்ப்பாணத்துப் பக்கம். பிறகு அப்பாவுக்கு இங்கே குளத்துக்குக் கீழே காணி கிடைத்து, குடும்பத்தோடு வந்து காடு வெட்டினோம். அப்போது இங்கே பள்ளிக்கூடம் இல்லை. பள்ளிக்கூடம் வந்தபோது எனக்குக் கலியாணம் பேசிவிட்டார்கள்.

அந்தச் செயலாளர்ப் பிள்ளை கலியாணம் முடித்துக்கொண்டு நெடுங்கேணிக்குப் போய்விட்டாள். புதிதாய் வந்தவளுக்கு நாக்கு நீளம். ஒரு கூட்டத்தில் நான் வழக்கம்போலக் கடிதத்தை நீட்ட, அவள் வாங்கவில்லை.

"என்ன மாமி, உங்கடை கண்ணாடிக்கு நடக்க ஏலாதோ? ஒருநாளும் கூட்டத்துக்கு வருதில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துபோட்டு அப்படியே வைத்துவிட்டேன்.

அந்த வருசம்தான் பள்ளிக்கூடத்துக்கு 'ரப்' வந்தது. விரலால் தொட்டால் வேலை செய்கிற கண்ணாடிப் பலகை. எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு போனவர்கள் வாங்கி அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்பு ரீச்சர்தான் அதற்குப் பொறுப்பு. டவுனிலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோகிற சின்னப் பெண், இரண்டு வகுப்பை ஒன்றாய் வைத்து மேய்க்கிறவள். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

ரப்புக்குள்ளே ஒரு எழுத்து விளையாட்டு. ஒரு மரம் இருக்கும், மரத்தில் ஒரு குருவி. மேலே ஒரு படம் காட்டும், கீழே நாலு சொல் கிடக்கும். படத்துக்குரிய சொல்லைத் தொட்டால் குருவி ஒரு கிளை மேலே தாவும். பிழையானதைத் தொட்டால் ஒரு கிளை கீழே இறங்கும். இறங்கினால் அடுத்த கேள்வி சுகமாய் வரும், ஏறினால் கடினமாய் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம் கொடுத்திருந்தார்கள், மயில், யானை, முயல் என்று. தன்னுடைய படத்தைத் தொட்டால் அந்தப் பிள்ளையின் மரம் வரும். முதல்நாள் விட்ட கிளையிலேயே குருவி நிற்கும்.

நான் சமைக்கிற குசினிக்கும் வகுப்புக்கும் நடுவில் அரைச் சுவர்தான். சுவரோரம் இருந்த பிள்ளையின் படம் ஆமை. மெலிந்த பெட்டை, தகப்பன் கூலி வேலை, தாய் உடுப்புத் தைக்கிற தொழிற்சாலைக்கு விடிய பஸ் ஏறுகிறவள். ஆமைப் படம் என்று மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள். ஆனால் அவளுடைய குருவிதான் வகுப்பில் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. படம் வந்து கண் மூடித் திறக்கமுதல் அவளுடைய விரல் போய்விடும். கீரை ஆய்ந்துகொண்டு நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்துப் பார்த்து, எதைத் தொட்டால் எது வரும் என்பது எனக்கும் பிடிபட்டது.

பிள்ளைகள் போன பிறகு ரீச்சர் ரப்புகளைச் சார்ச்சில் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுப்பாள். நான் கிடாரம் கழுவி, குசினி கூட்டி முடிய மூன்று மணியாகும். மூன்று மணிக்குக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டவேண்டியது என் வேலை. சாவி என் சீலைத் தலைப்பில்.

ஒருநாள் பூட்டமுதல் ஒன்றை எடுத்து மடியில் வைத்தேன். யன்னலைச் சாத்தினேன். எனக்கென்று படம் இல்லை. புதுப்படம் திறக்க ரீச்சரின் இரகசிய இலக்கம் வேண்டும். எனக்குப் பழக்கமான படம் ஆமைதான். தொட்டேன். முதலில் கண்ணாடி என் விரலை மதிக்கவில்லை. அடுப்பிலும் வயலிலும் காய்த்த விரல். நாக்கில் தொட்டு ஈரமாக்கி வைத்தால்தான் கேட்டது.

அந்தப் பிள்ளையின் கிளையில் வந்த சொற்கள் எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. கண்டபடி தொட்டேன். குருவி இறங்கியது, இறங்கியது, அடிமரத்துக்கு வந்தது. அங்கே தனி எழுத்துகள் கிடந்தன. அதை எனக்குத் தெரியும். அதிலிருந்து மெல்ல மெல்ல ஏறினேன். ஒரு மாட்டுப் படத்துக்குக் கீழே நாலு சொல்லையும் எழுத்துக் கூட்டி, சரியானதைத் தொட, குருவி சிறகடித்துத் தாவியது. இத்தனை வயசில் என்னை ஒருவரும் அப்படிப் பாராட்டவில்லை. அழுகை வந்துவிட்டது.

இங்கேதான் நான் விட்ட பிழை. நான் படித்தது சிலேற்றில். கோவை இலையைக் கசக்கித் தேய்த்தால் எழுதினது எல்லாம் போய்விடும், அடுத்த பிள்ளைக்குக் கறுப்பாய், வெறுமையாய்க் கொடுக்கலாம். ரப்பும் அப்படித்தான் என்று நினைத்தேன். நிற்பாட்டினால் கண்ணாடி கறுப்பாய் வருகிறதே. நான் செய்தது அழிந்து, அந்தப் பிள்ளை விட்ட இடம் அப்படியே இருக்கும் என்று முழுசாய் நம்பினேன். பிள்ளைகளுக்குத்தான் முதல்நாள் கிளை இருக்கும், எனக்கு ஏன் இருக்கப்போகிறது? நான் களவாய்த் தொட்டவள்தானே.

ஒரு கிழமை போல, நாளுக்கு அரை மணித்தியாலம் விளையாடினேன்.

பிள்ளை இரண்டாம் நாளே முறையிட்டாள். குருவி தான் விட்ட இடத்தில் இல்லையாம். ரீச்சர் நீ பிழை விட்டிருப்பாய், கவனமாய்ச் செய் என்று அனுப்பினாள். பிள்ளை அடிமரத்திலிருந்து அவசரம் அவசரமாய் ஏறுவாள். கொஞ்சத்தில் மணி அடிக்கும். அடுத்த நாளும் குருவி கீழே.

"நான் இல்லை ரீச்சர். ஆரோ என்ரை ஆமையைத் தொடுகினம்."

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. ஒரு வாண்டு, அது குளக்கட்டுப் பேய், பேய்க்கும் எழுத்துத் தெரியாதாம், அதுதான் இஞ்ச படிக்க வருது என்றான். அன்றிலிருந்து அவளுக்குப் பேய்க்குட்டி என்று பேர். நான் அரைச் சுவருக்கு இந்தப் பக்கம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. அப்போதுதான் விளங்கியது, அந்தப் பலகை ஒன்றையும் அழிக்கவில்லை என்று.

அதற்குப் பிறகு நான் ரப்பைத் தொடவில்லை. தொடாமல் விட்டால் எல்லாம் சரியாய்ப் போய்விடும், அவள் ஏறிவிடுவாள், சொல்லத் தேவையில்லை என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் அவள் ஏறவில்லை. பயந்துபோனாள். குருவி இறங்கிவிடும் என்ற பயத்திலே தெரிந்த சொல்லையும் பிழையாய்த் தொட்டாள். கொப்பியில் சரியாய்த்தான் எழுதினாள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள் என்று ரீச்சர் நினைத்தாள்.

தவணை முடிவில் ரீச்சர் தாயைக் கூப்பிட்டாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தொழிற்சாலைச் சட்டையோடேயே வந்தாள் அந்த மனுசி. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வாங்கோ அம்மா என்று ரீச்சர் சொல்ல, தட்டோடு போனேன். மேசையில் ரீச்சரின் போன் கிடந்தது. அதில் பிள்ளையின் குருவி ஏறி இறங்கினதைக் காட்டுகிற ஒரு கோடு. உச்சியில் போய்க்கொண்டிருந்த கோடு ஒரு இடத்தில் கிணற்றுக்குள் விழுந்தமாதிரி விழுந்து, பிறகு எழும்பவேயில்லை. கீழ்க்கிளைப் பிள்ளைகளைத் தனியாய் இருத்திப் படிப்பிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து அறிவித்தல் வந்திருக்கிறதாம். அதில் இவளும் ஒன்று. ரீச்சர் அதை இதமாய்த்தான் சொன்னாள். பிறகு, படிப்பு மெதுவாய் வரும், அது பரவாயில்லை, ஆனால் இவள் தான் செய்யவில்லை என்று பொய் சொல்லுகிறாள், அதைத்தான் கவனிக்கவேண்டும் என்றாள்.

தாய் பிள்ளையைப் பார்த்தாள்.

"ஆரடி தொட்டது? சொல்லு."

"தெரியாது அம்மா. நான் இல்லை."

தாய் ஓங்கி ஒரு அடி வைத்தாள், கன்னத்தில். தான் படிக்காததால் பிள்ளையாவது படிக்கட்டும் என்று ஒரு அடி அடிக்காமல் வளர்த்தாளாம், பிறகு அழுதுகொண்டு ரீச்சருக்குச் சொன்னாள். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். சாவி என் தலைப்பில் இருந்தது. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எனக்கு வாசிக்கத் தெரியாது, அதுதான் தொட்டனான் என்று. அவ்வளவுதான் சொல்லவேண்டும். சொன்னால் புதுச் செயலாளர்ப் பெட்டையின் காதுக்குப் பொழுதுபடமுதல் போய்விடும் என்று நினைத்தேன். தட்டை வைத்துவிட்டு, சீனி காணுமோ, இன்னும் போடவோ என்று கேட்டேன். அதுதான் நான் அன்று சொன்னது.

அடுத்த தவணை அவளைப் பாயில் இருத்தினார்கள், முதலாம் வகுப்புப் பிள்ளைகளோடு. அவள் பிறகு ஒரு முறைப்பாடும் வைக்கவில்லை. எனக்கு அது இன்னும் பாரமாய் இருந்தது. சோறு போடும்போது அவளுக்கு மட்டும் முட்டையில் பெரிய பாதியை வைப்பேன். அவள் வாங்கிக்கொண்டு போவாள்.

ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டு முடிய, தட்டுக் கழுவ வந்தவள் குசினி வாசலில் நின்றாள். என்ன பிள்ளை என்றேன்.

"எங்களுக்கே தெரியாமல் நாங்கள் பொய் சொல்லுவமோ?"

ஏன் கேட்கிறாய் என்றேன்.

"நான் தொட்டிருப்பன், மறந்துபோனன்போல. அம்மா சொல்லுறா."

அவளை நிற்கச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். ரீச்சர் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னாள், நான் இருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். எட்டாம் வகுப்புப் பொய்யையும் சொன்னேன். அவள் போனை எடுத்து அந்தக் கோட்டைத் தேடினாள். கோடு விழுந்த இடத்தைத் தொட நேரம் வந்தது. எல்லாம் பின்னேரம், பிள்ளைகள் வீட்டுக்குப் போன நேரம். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நேரம் இதிலை இருந்திருக்கு. நான் ஒருக்காலும் பார்க்கேல்லை அம்மா."

என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும். நான் திரும்பிக் குசினிக்கு வர, பிள்ளை போய்விட்டாள்.

அன்று பின்னேரமே தாயின் வீட்டுக்குப் போனேன். அவள் பஸ்ஸால் இறங்கி வரும்வரை வேலியோரம் நின்றேன். சொன்னேன். உள்ளே வாங்கோ என்று அவள் கூப்பிடவில்லை, அதைப் பிழை சொல்லவும் ஏலாது.

"நான் அவளுக்குக் கைநீட்டேக்கை நீங்கள் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்" என்றாள்.

ஓம் என்றேன்.

அவள் படலையைச் சாத்தினாள். சங்கத்துக் கூட்டத்திலும் நானே எழும்பிச் சொல்லி, தலைவி வேலையை விட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. புதுச் செயலாளர்ப் பெட்டை மட்டும் குனிந்துகொண்டு, மாமி, நான் அண்டைக்குப் பகிடிக்குத்தான் சொன்னனான் என்றாள். எனக்குத் தெரியும் என்றேன்.

பிள்ளைக்குச் சொன்னது மறுநாள் காலை. ரீச்சர் வகுப்புக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு, பிழை உன்னுடையது இல்லை, நீ உண்மைதான் சொன்னாய், நாங்கள்தான் நம்பவில்லை என்றாள். நானும் பக்கத்தில் நின்று, நான்தான் தொட்டனான் என்றேன். பேய் என்று பகிடி பண்ணின வாண்டு வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தான். அவள் என்னையும் பார்த்தாள், ரீச்சரையும் பார்த்தாள். எங்களுக்கு எது பிடிக்கும் என்று யோசிக்கிறமாதிரி இருந்தது.

"இல்லை ரீச்சர், நான்தான் பிழை விட்டனான்" என்றாள்.

ரீச்சர் திரும்பவும் சொன்னாள். அவளும் திரும்பவும் அதையே சொன்னாள், நல்ல மரியாதையாய். இனி அடிக்கமாட்டினம் என்று சொல்லியும் மாற்றவில்லை.

அவளைப் பாயிலிருந்து எழுப்பி, பழைய இடத்தில் இருத்திவிட்டார்கள். ரீச்சர் புதுப்படம் திறந்து கொடுத்தாள். எது வேண்டும் என்று கேட்க, எதெண்டாலும் என்றாளாம். ரீச்சரே மான் ஒன்றைத் தெரிந்து கொடுத்தாள். உங்களுக்கும் ஒரு படம் திறந்து தருகிறன், பின்னேரத்தில் வடிவாய் இருந்து படியுங்கோ என்று சொன்னாள். முதலில் வேண்டாம் என்றேன். பிறகு, படிக்காமல் விட்டால் செய்ததற்கு ஒரு பொருளும் இல்லையே என்று ஓம்பட்டேன். இப்போது வாசிக்கிறேன். மெல்லத்தான், உதடு அசைத்துத்தான். இதையும் என் கையாலேதான் எழுதுகிறேன். பிழைகளை ரீச்சர் திருத்துவாள்.

அந்தப் பிள்ளையின் குருவி இப்போது நடுமரத்தில் நிற்கிறது. அவளுக்குச் சொற்கள் தெரியும், நான் அரைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன், தெரியும். விரல் சரியான சொல்லுக்கு நேரே போகிறது. போய், கண்ணாடியில் முட்டாமல் நின்றுவிடுகிறது. தலையைத் தூக்கி ரீச்சரின் முகத்தைப் பார்க்கிறாள். ரீச்சர் தலையாட்டினால்தான் தொடுகிறாள்.