ஒராள் கார்

தண்ணி இறைக்கிற மெசினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிய கையை மணந்து பார்த்தால் இப்பவும் எனக்கு வயிறு எரியும். வட்டக்கச்சியில் என் சிநேகிதி வாசுகியின் அப்பா வைத்திருந்த, இன்று சுவடே இல்லாத, வாகனம் திருத்துகிற கராச்சிலும் இதே மணம்தான். அங்கே சுவரில் ஒட்டியிருந்த பழைய ரேஸ் கார் படத்தைப் பார்த்துப் பார்த்து, தார்ப் பீப்பாயை வெட்டி, பேரிங்குகளையே சில்லாகப் பூட்டி, மகளுக்கு அவர் ஒரு கார் செய்து கொடுத்தார். வாய்க்கால் கட்டுச் சரிவில் அவள் கரகரவென்று இறங்க, ஒவ்வொரு முறையும் அதை மேட்டுக்குத் தள்ளி ஏற்றியவள் நான்.

"நானும் ஒருக்கா இருக்கட்டே?"

"ரேஸ் காரில ஒராள்தான் இருக்கலாமடி."

சில்லு கழலவேணுமென்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன்.

போன கிழமை கனடாவிலிருந்து அந்தக் காரின் படத்தை அனுப்பியிருந்தாள். அவள் உள்ளே, நான் பின்னால். உற்றுப் பார்த்தேன். அப்போது நாங்கள் இருந்த மெலிவுக்கு, அந்தக் காரின் சீற்றில் இரண்டு பேரும் தாராளமாக இருந்திருக்கலாம்.