மச்சத்தை அளந்த வளையங்கள்

கேமராக் கடைக்காரர் அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே மூன்று அளவில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தன. ஒன்றை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். கண்ணாடி இல்லை. விரலை விட்டேன், மறுபக்கம் வந்தது. எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்றால் இதுதான் சார் என்றார். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டினால் லென்ஸ் கொஞ்சம் முன்னால் தள்ளிப் போகும். அப்படிப் போனால் மூக்குக்கு நேரே இருக்கிற எறும்பும் தெளிவாகத் தெரியும், பூனை அளவுக்குத் தெரியும். மேக்ரோ லென்ஸ் வாங்க வக்கில்லாதவர்களுக்காக யாரோ புண்ணியவான் செய்துவைத்த ஏற்பாடு. கறுப்புச் சாயம் பூசிய காற்றைக் காசு கொடுத்து வாங்கி வந்த முதல் ஆள் எங்கள் வம்சத்தில் நான்தான்.

அதை வைத்து நான் செய்தவை ஊருக்கு உபகாரமோ உபத்திரவமோ இல்லாத காரியங்கள். அல்சூரில் எங்கள் வீட்டு பால்கனித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி உண்டு. அதில் ஏறி இறங்குகிற எறும்பு, இலைக்கடியில் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சி, அதைத் தின்ன வரும் பொறிவண்டு. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. நான் வாங்கிய மலிவு வளையத்தில் மின்தொடர்பு கிடையாது என்பதால், கேமராவும் லென்ஸும் சம்பந்திச் சண்டை போட்ட இரண்டு வீடுகள் மாதிரி ஒன்றோடொன்று பேசாது. லென்ஸின் வாய் முழுக்கத் திறந்தே கிடக்கும். படத்தில் ஒரு நூல் கனத்துக்குத்தான் தெளிவு. அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் மூட்டம். உடம்பையே முன்னும் பின்னும் அசைத்து அந்த நூலைப் பொருளின் மேல் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மூச்சு விட்டால் போச்சு.

பெட்டிக்குள் ஒரு விளக்கத்தாள் இருந்தது. இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவதுதான் என் பிழைப்பு. ஆகவே நான் கையேடுகளைப் படிப்பதில்லை.

மச்சத்தை முதலில் கண்டுபிடித்தது நானில்லை. கமர்ஷியல் ஸ்ட்ரீட் சந்தில் ரவிக்கை தைக்கிற பெண்மணி. என் மனைவிக்கு அளவு எடுக்கும்போது டேப்பை நிறுத்திவிட்டு, “அக்கா, இந்த மச்சம் போன தடவ இவ்ளோ கறுப்பா இல்லியே” என்றிருக்கிறாள். இடது தோளுக்குப் பின்னால், கழுத்திலிருந்து ஒரு சாண் கீழே. என் மனைவியால் பார்க்க முடியாத, கை எட்டாத இடம். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் மாவுப்பூச்சியின் மீசை வரை படமெடுத்த எனக்கு அப்படி ஒரு மச்சம் இருப்பதே சரியாக நினைவில் இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

தோல் டாக்டர் எங்களைவிட வயதில் சின்னவர். விளக்கு வைத்த குட்டி லென்ஸை அழுத்திப் பார்த்துவிட்டு, “ஏனூ பயா பேடா” என்று கன்னடத்தில் பயத்துக்குத் தடை விதித்தார். இப்போதைக்குக் கெட்டதாகத் தெரியவில்லை, ஆனால் மச்சம் வளர்ந்தாலோ ஓரம் மாறினாலோ உடனே எடுத்துச் சோதித்துவிட வேண்டும், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். முதுகு என்பதால் வீட்டில் யாராவது இப்போது ஒரு போட்டோ, வருவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துவைத்தால் உதவும் என்றும் சொன்னார். வீட்டில் யாராவது! வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் என் பொழுதுபோக்குக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. மொபைலே போதும் என்று அவர் முடிப்பதற்குள் நான் வளையங்களைப் பற்றி விளக்க ஆரம்பித்திருந்தேன்.

முதல் படம் எடுத்த காலை நன்றாக நினைவிருக்கிறது. சாப்பாட்டு மேஜை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சாய்மானத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பால்கனி வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நடு வளையத்தை மட்டும் மாட்டினேன். லென்ஸ் கிட்டத்தட்ட முதுகைத் தொட்டது. அவள் மூச்சு விட்டால் மச்சம் ஒரு கடல் மாதிரி எழும்பி மூட்டத்துக்குள் போயிற்று. நான் விட்டால் நான் போனேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்ததில்லை. மச்சத்தின் மேல் விளிம்பில் ஒரே ஒரு முடி சுருண்டு நின்றது. அதன் மேல் வெயில் பட்டு செம்புக் கம்பி மாதிரி மின்னியது. தெளிவை அங்கே கொண்டுபோய் நிறுத்தி எடுத்தேன். படம் அழகாக வந்தது. அவளிடம் காட்டினேன். “இது என் முதுகா, இல்ல கோலார் சுரங்கத்துல தோண்டினதா?” என்று கேட்டாள். பயந்திருந்தாள். கேலி செய்தால்தான் அவள் பயந்திருக்கிறாள் என்று அர்த்தம். நான் கேலி செய்வதற்கு எந்த அர்த்தமும் கிடையாது.

இரண்டாவது படத்தை டாக்டரைப் பார்க்க வேண்டிய வாரத்துக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலை எடுத்தேன். அவள் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் உள்தணிக்கை பார்க்கிறாள். மெட்ரோவைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தாள். சட்டென்று உட்கார்ந்து, சட்டென்று மூச்சைப் பிடித்து, சட்டென்று எழுந்தாள். எப்படி இருக்கு என்று கேட்டாள். போகஸ் சரியாக விழவில்லை, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். போகஸ் விழுந்திருந்தது. திரையில் நான் பார்த்தது வேறு.

கதவு சாத்திய சத்தம் கேட்ட பிறகு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மச்சம் வளர்ந்திருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, ஒன்றரை மடங்கு. முதல் படத்தில் நடுவில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது, இரண்டாவதில் ஓரங்களை நோக்கிப் பரவிக் கிடந்தது. திரையில் ஒரு காகிதத்தை ஒட்டி, பென்சிலால் வரைந்து பார்த்தேன். மூடிவிட்டுத் திறந்து பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். மச்சம் என் கண்ணாடிக்கெல்லாம் கட்டுப்படவில்லை.

அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவளுடைய முதுகு, அவளுடைய மச்சம். ஆனால் அவளுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் என் வாய் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வாய் அன்று திறக்கவில்லை. டாக்டரின் வரவேற்பில் போன் செய்து கெஞ்சி, சந்திப்பைத் திங்கட்கிழமைக்கு முன்னால் இழுத்தேன். அவர்களே மாற்றிவிட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன். “அப்படியா” என்றாள். தணிக்கைக்காரர்கள் அப்படியா என்று சொல்லும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் ஒரு நல்ல மனிதனாக நடந்துகொண்டேன். பாத்திரம் கழுவினேன். அவள் அம்மாவிடம் போனில் அவளைவிட நீளமாகப் பேசினேன். டிவி ரிமோட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். நடுநடுவே அவள் அந்தப் பக்கம் திரும்பும்போது ரவிக்கைக்குள் இருக்கிற அந்த இடத்தைத் துணியைத் துளைத்துப் பார்க்க முயன்றேன். ஞாயிறு காலை உப்புமா போட்டாள். சாப்பிட்டேன். பிரமாதம் என்று சொல்லி இன்னொரு கரண்டி கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், போட்டாள்.

திங்கட்கிழமை கிளினிக்கில் எங்களுக்கு முன்னால் சிலர் காத்திருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த டிவியில் யாரோ சத்தமில்லாமல் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினாள்.

“காட்டுங்க.”

என்னத்தை என்றேன்.

“ரீ,” என்றாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். சாதாரணமாக ஏங்க என்றுதான் கூப்பிடுவாள். கன்னடத்து மனைவிமார் மாதிரி ரீ என்று கூப்பிட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று பொருள். “நேத்து உப்புமாவுல உப்பே போடல. வேணும்னேதான் போடல. ரெண்டு தடவ வாங்கித் தின்னீங்க. காட்டுங்க.”

மொபைலில் இருந்த இரண்டு படங்களையும் காட்டினேன். வெள்ளிக்கிழமையிலிருந்து தெரியும் என்றும் சொன்னேன். அவள் முதலாவதைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள். மொபைலை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, டிவியில் சமைக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தேன். பொது இடத்தில் கையைப் பிடித்தால் கெட்ட செய்தி உறுதியாகிவிடும் என்று தோன்றியது.

அப்புறம் அவள் மறுபடி மொபைலை எடுத்தாள். இந்தத் தடவை வேறு மாதிரி பார்த்தாள். இரண்டு வருடக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பார்வை.

“மச்சம் பெருசாயிருக்கு. சரி. இந்த முடி?”

முடிக்கு என்ன என்றேன்.

“அதுவும் தடியாயிருக்கே. முதல்ல நூல் மாதிரி இருக்கு, இதுல கயிறு மாதிரி. பக்கத்துல தோல்ல இருக்கற ஓட்டைங்க எல்லாம் பெருசாயிருக்கு. மூணு மாசத்துல என் முதுகே ஊதிடுச்சுன்றீங்களா?”

மொபைலை வாங்கி இரண்டு முடியையும் பார்த்தபோதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் மாவுப்பூச்சியை இன்னும் கிட்டே பார்க்க ஆசைப்பட்டு, நடு வளையத்தோடு சின்ன வளையத்தையும் சேர்த்து மாட்டியிருந்தேன். அதைக் கழற்றவே இல்லை. வளையம் கூடினால் படம் பெரிதாகும்; அதற்காகத்தானே அதை வாங்கியது. வெள்ளிக்கிழமை கேமராவை எடுத்து அப்படியே அவள் முதுகில் வைத்துவிட்டேன். வளர்ந்தது மச்சமில்லை, காற்று.

இதை நான் சொல்லி முடித்தபோது அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “ரெண்டு நாள் நீங்க மட்டும் பயந்தீங்கன்னு நெனச்சுக்கிட்டீங்களா? அந்தப் பாத்திரத்த நீங்க கழுவறதப் பார்த்து நான் என்னென்ன யோசிச்சேன்னு தெரியுமா?” என்றாள். தெரியாது என்றேன். தெரிந்திருக்க வேண்டும். அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் மச்சத்தின் மேல் ஒரு சின்ன ஸ்கேலை வைத்தார். அளவு அன்றைக்குக் குறித்துவைத்ததேதான் என்றார். நான் நாற்காலியில் சாய்ந்தேன். ஆனால் அவர் நிமிரவில்லை. விளக்கு லென்ஸை எடுத்து, கீழ்ப்பக்க விளிம்பில் வைத்து, எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த இடத்தில் ஒரு கருமை இருக்கிறது, முன்னாலேயே இருந்ததா என்று தெரிய வேண்டும், உங்கள் முதல் படத்தைக் காட்டுங்கள் என்றார்.

காட்டினேன். மேல் விளிம்பு அற்புதமாக இருந்தது. அந்த முடியின் ஒவ்வொரு வளைவும் தெரிந்தது. நடுப்பகுதியிலிருந்து கீழே போகப் போகக் கரைந்து, கீழ் விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் நந்தி மலைப் பனிமூட்டம். டாக்டர் விரலால் இழுத்துப் பெரிதாக்கினார். மூட்டம் பெரிதாயிற்று. அழகான படம் என்று மரியாதைக்குச் சொன்னார். பார்க்கச் சொன்னது மச்சத்தை. நான் பார்த்தது முடியை.

சந்தேகம் என்று வந்துவிட்டால் வெட்டி எடுத்து அனுப்பிப் பார்ப்பதுதான் சரி, பெரிய விஷயமில்லை, மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். இந்த முறை பயப்பட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நாங்கள் இருவருமே கவனித்தோம்.

எடுக்கப் போகிற அன்று காலை நான் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து குரல் வந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளே உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல்.

“கேமராவ எடுங்க. ஒரே ஒரு வளையம் போதும். முடி வேணாம்.”

தோளுக்கு மேல் கையை வளைத்து, நான் சொன்ன இடத்தில் ஸ்கேலை மச்சத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். மேல் விளிம்பு, நடு, கீழ் விளிம்பு, இரண்டு பக்கம் என்று தெளிவு எங்கெங்கே விழ வேண்டுமோ அங்கங்கே நிறுத்தித் தனித்தனியாக எடுத்தேன். கீழ் விளிம்பில் டாக்டர் சொன்ன கருமை இருந்தது. மை சிந்திய மாதிரி. அவள் இருக்கா என்று கேட்டாள். இருக்கு என்றேன். ஸ்கேலை எடுத்துவிட்டு மூச்சை விட்டாள். ஒரு மச்சத்தை ஒழுங்காகப் பார்த்து எடுத்த படங்கள் என்னிடம் அவைதான். மதியம் அந்த மச்சம் ஒரு மருந்து பாட்டிலுக்குள் இருந்தது.

ரிப்போர்ட் வருவதற்கு ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரம் நான் கேமராவைத் தொடவில்லை. கறிவேப்பிலைச் செடியில் மாவுப்பூச்சி நிம்மதியாகப் பெருகியது. அவள் தையல் போட்ட தோளில் பையை மாட்ட முடியாமல் வலது தோளில் மாட்டிக்கொண்டு ஆபீஸ் போனாள். பாத்திரம் கழுவப் போனால் விரட்டினாள். கழுவாமல் இருந்தாலும் ஒரு மாதிரி பார்த்தாள். நடுவில் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் ஒரு கையேடு எழுதவில்லை. எழுதியிருந்தாலும் என்ன.

ரிப்போர்ட் அவளுடைய மொபைலுக்குத்தான் வந்தது. அப்படித்தான் வர வேண்டும் என்று அவளே கிளினிக்கில் சொல்லியிருந்தாள். என் வழியாக இனி எதுவும் வேண்டாம் என்பது அதன் அர்த்தம். ஒரு சாயங்காலம் நான் பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பின்னால் மெட்ரோவின் இரைச்சல். அடுத்த நிலையத்தின் பெயரைக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

“ரீ,” என்றாள்.

செம்பு கையில் அப்படியே நின்றது. தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது, தொட்டி நிரம்பி என் காலில் வழிந்தது. கூட்டத்தில் யாரோ அவளை இடித்துக்கொண்டு போனார்கள் போலிருக்கிறது, ஸாரி மேடம் என்று ஒரு குரல் கேட்டது.

“ஒண்ணும் இல்லையாம். சாதாரண மச்சம்தானாம். ரெண்டு தடவ படிச்சுட்டேன், டாக்டருக்கும் போன் பண்ணிக் கேட்டுட்டேன்.”

நான் ஏதோ சத்தம் எழுப்பினேன். அது தமிழில்லை, கன்னடமும் இல்லை.

“அழறீங்களா?”

இல்லை, காலில் தண்ணீர் என்றேன்.

“சரி. வந்து உப்புமா பண்றேன்,” என்றாள். “உப்பு இல்லன்னா இல்லன்னு சொல்லணும்.”