ஆறா, ஏழா

காக்காவின் படகு கரை சேர வேண்டிய நாள் கடந்து எட்டு நாட்களாகியிருந்தன. காக்கா என் மூத்த சகோதரர். ஒலுவில் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகொன்றின் தண்டயல். படகை நடத்துவது அவர் பொறுப்பு. கூட மூன்று பேர் போயிருந்தார்கள். இருப்பிடத்தைக் கரைக்கு அறிவிக்கும் கருவி எப்போதோ ஓய்ந்துவிட்டது. மற்றப் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. யாரும் அவர்களைக் காணவில்லை.

அதுவரை ஃபோனைப் பார்த்தபடி வீட்டிலேயே கிடந்த நானும் மச்சியும் அன்றைக்குத்தான் படகின் சொந்தக்காரரான ஹாஜியார் வீட்டுக்குப் போனோம். மச்சி காக்காவின் மனைவி. சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கமாக இருந்த அந்த வீட்டின் முன்னறையில், படகுகளோடு கதைக்கும் ரேடியோ செட் ஒன்று இருந்தது. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் தொடர்பாடல் படிப்பிக்கிறவள். வகுப்பில் எத்தனையோ ரிசீவர்களைக் கழற்றிக் காட்டியிருக்கிறேன். இந்த செட்டின் முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து மணியளவில் இரைச்சலுக்குள் வாத்து கத்துவது போல ஒரு சத்தம் எழுந்தது. கீச்சென்று, விட்டு விட்டு வந்தது.

"அது வேற நாட்டுப் போட்டுகள்ற கதை புள்ள," என்றார் ஹாஜியார். "மூணு நாளா இந்த நேரத்துக்கு வருது. ஒண்டும் விளங்காது."

அந்தச் சத்தம் என்ன என்று எனக்குத் தெரியும். வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிற விஷயம். அனுப்புகிற செட்டும் வாங்குகிற செட்டும் ஒரே அதிர்வெண்ணில் நிற்க வேண்டும். இந்த வகை ரேடியோவில் கொஞ்சம் விலகினாலும் குரல் முழுவதும் அந்த அளவுக்கு மேலேயோ கீழேயோ நகர்ந்துவிடும். மனிதக் குரல் வாத்துக் குரலாகும். பேட்டரி இறங்கி, செட்டுக்குள் உப்புத் தண்ணீர் போயிருந்தால் விலகல் இன்னும் கூடும்.

ஃபோனில் பதிவு செய்யத் தொடங்கிவிட்டு, குரலைத் தெளிவாக்கும் சின்னக் குமிழைத் திருப்பினேன். அது கடைசி வரை போயும் போதவில்லை. சில நிமிடங்களில் சத்தம் நின்றுவிட்டது. ஹாஜியார் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். பதில் இல்லை. நாங்கள் கதைப்பதும் அங்கே வாத்துச் சத்தமாகத்தான் கேட்டிருக்கும்.

பதிவை என் லேப்டாப்பில் ஏற்றினேன். குரலின் ஒலிகள் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகளாகத் தெரிந்தன. ஒழுங்கான குரலில் அந்தக் கோடுகள் அடிப்படை ஒலியின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று நிற்கும். இதில் எல்லாமே இடம் மாறி நின்றன. எவ்வளவு மாறியிருக்கின்றன என்று கணக்குப் பார்த்து, அந்த அளவுக்குக் கீழே இறக்கினால் போதும். செட் சூடாகச் சூடாக விலகலும் நகர்ந்துகொண்டே போயிருந்ததால் துண்டு துண்டாகத் திருத்த வேண்டியிருந்தது. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது கோடுகள் எல்லாம் சரியான மடங்குகளில் வந்து நின்றன. ஒலியை ஓடவிட்டேன். மனிதக் குரல். தமிழ். எஞ்சின் நின்றுவிட்டது, தண்ணீர் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னது.

மச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டா.

"இது அவர்ர குரல் இல்ல," என்றா.

"ரேடியோக்குள்ளால வாற குரல் மச்சி. மெலிஞ்சுதான் இரிக்கும்."

"மெலிஞ்சா எனக்குத் தெரியாதா? இது வேற ஆரோ."

நான் கேட்கவில்லை. எனக்குத் திரையில் கோடுகள் சரியாக இருந்தன. எண்கள் எல்லாம் விளங்கின, ஒன்றைத் தவிர. எட்டுக்கு அடுத்தது ஆறா, ஏழா என்று தெளிவாக இல்லை. இரண்டும் ஒரே அளவில் நீண்டு முடிகிற சொற்கள். இரைச்சலுக்குள் று, ழு பிரியவில்லை; முதல் எழுத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஏ மாதிரித்தான் கேட்டது. இன்னும் நான்கு தடவை ஓடவிட்டேன்.

"நேரம் போகுது புள்ள," என்றார் ஹாஜியார்.

"ஏழு," என்றேன்.

அந்தப் பக்கம் நின்ற இரண்டு படகுகளை அவர் ரேடியோவில் பிடித்து இடத்தைச் சொன்னார். இரண்டும் தொழிலை விட்டுவிட்டு அங்கே ஓடின. மச்சி சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டா.

அடுத்த நாள் காலை படகுகளிலிருந்து செய்தி வந்தது. அங்கே ஒன்றும் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், வெறும் தண்ணீர். பத்து மணிக்கு வாத்துச் சத்தமும் வரவில்லை. ஹாஜியார் செட்டின் சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார், பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் பதிவை மறுபடியும் திறந்தேன். பிறகுதான் மச்சியிடம் கேட்டேன், காக்கா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஏதும் ஃபோனில் இருக்கிறதா என்று. இருந்தது. மகளுக்குச் சப்பாத்து எத்தனையாம் அளவு என்று கேட்டு, கடலுக்குப் போவதற்கு முதல்நாள் அனுப்பியது. அதையும் திரையில் போட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பார்த்ததும் விளங்கிவிட்டது. கோடுகள் அடிப்படை ஒலியின் மடங்குகளில் நிற்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் எல்லாம் சேர்ந்து இரண்டு படி, அதாவது அடிப்படை ஒலியின் இரண்டு மடங்கு, மேலே ஏறி நின்றாலும் அவை மடங்குகளில்தான் நிற்கும். பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். குரல் மட்டும் வேறு ஆளுடையதாகிவிடும்; ஆ என்பது ஏ மாதிரிக் கேட்கும். இந்தத் தவறைச் செய்யாதீர்கள் என்று என் மாணவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அன்று அது என் நினைவில் வரவேயில்லை.

இரண்டு படி இறக்கி ஓடவிட்டேன். முதல் சொல்லிலேயே மச்சி வாயைப் பொத்திக்கொண்டா.

"ஓம்," என்றா. "ஓம், இது அவர்தான்."

ஆறு. சந்தேகமேயில்லாமல் ஆறு. ஒரு பாகை வித்தியாசம், கடலில் அறுபது மைல்.

ஹாஜியாரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். மைக்கை எடுத்துப் படகுகளைத் திருப்பினார். நீரோட்டம் படகை இன்னும் எங்கே கொண்டுபோயிருக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். போட்ட கணக்கை நானே நம்பவில்லை. மச்சி ஓதிக்கொண்டிருந்தா. எனக்கு ஓதவும் வரவில்லை; யா அல்லாஹ் என்பதற்கு மேல் நாக்கு நகரவில்லை.

மறுநாள் பின்னேரம் அஸர் நேரத்தில் கண்டுபிடித்தார்கள். மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள், காக்காவும். எஞ்சின் பார்க்கிறவர் அன்று காலைதான் மௌத்தாகியிருந்தார். கரைக்கு வர நான்கு நாளாகும் என்பதால் அங்கேயே ஜனாஸாத் தொழுகை நடத்தி அவரைக் கடலில் விட்டார்கள். எழும்ப முடியாத காக்கா உட்கார்ந்தபடியே தொழுவித்தாராம்.

நான் நேரே ஆறு என்று சொல்லியிருந்தால் படகுகள் ஒரு நாள் முந்திப் போயிருக்கும். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். கல்லூரியில் ஒரு கூட்டம் வைக்கப் பார்த்தார்கள், வேண்டாம் என்றேன்.

"நீ இல்லாட்டி நாலு மையத்துதான் வந்திரிக்கும்," என்றார் காக்கா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி.

"அவர் எத்தன மணிக்கு மௌத்தானவர்?" என்று கேட்டேன்.

காக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எஞ்சின் பார்த்தவரின் மனைவி மருதமுனையில் தறி நெய்கிறவர். கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தார், பெண்கள் போய்ப் பார்க்கலாம். மூன்று தடவை அந்த ஒழுங்கை வரை போய்த் திரும்பி வந்தேன். நான்காம் தடவை உள்ளே போனேன். வெள்ளைச் சீலையில் பாயில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து அறையில் தறி சும்மா கிடந்தது. மற்றப் பெண்கள் எழும்பிப் போகும்வரை காத்திருந்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணைப் பிழையாகக் கேட்டதை, மச்சி சொன்னதை நான் கேட்காமல் விட்டதை, போன அந்த ஒரு நாளை.

அவர் பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த நாரைத் திருகினார்.

"அவர்ர குரலும் அதுக்குள்ள இரிக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. காக்கா எண்களைச் சொல்லி முடித்த பிறகு, பின்னாலிருந்து யாரோ ஏதோ சொல்வார்கள். அந்தத் துண்டை நான் திருத்தவேயில்லை. அதில் எண் எதுவும் இல்லை என்று விட்டுவிட்டேன்.

"இரிக்கு ராத்தா. தெளிவில்ல. சரி பண்ணிக் கொண்டு வாறன்."

"கொண்டு வாங்க," என்றார். "மத்தக் கதைய என்னோட இப்ப கதைக்காதீங்க தங்கச்சி. எனக்கு ஏலா."

அந்தத் துண்டோடு பல நாட்கள் இருந்தேன். நான்கு விநாடிகள்தான். இரைச்சல் அதிகம். எத்தனை படி இறக்குவது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய வேறு பதிவு எதுவும் யாரிடமும் இல்லை. ஒரு அளவில் வைத்தால் 'தண்ணி' என்பது போலக் கேட்கிறது. இன்னொரு அளவில் 'சொல்லு' என்பது போல. எது அவர் குரல் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் ஐந்து விதமாகத் திருத்தி, ஐந்தையும் கொண்டுபோனேன். அவர் ஃபோனைக் காதில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். நான்காவதில் நிறுத்தி, மறுபடியும் அதையே கேட்டார்.

என்ன சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மற்ற நான்கையும் அழித்துவிடச் சொன்னார். அங்கேயே, அவர் பார்த்துக்கொண்டிருக்க, அழித்தேன்.