கிழங்கோடு எடுத்தவை

இல்லை, கன்னியம்மா அக்கா என்னைத் திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

போன வாரம் தாம்பரம் நடைமேடையில் அவர் மகள் செல்வி சொன்னாள்: "அம்மா போயிடுச்சுக்கா. காரியம்கூட முடிஞ்சிருச்சு." என் ரயில் வந்தது. நான் ஏறவில்லை.

என்னோடு தாவரவியல் படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். எண்பதுகளின் கடைசியில், ஊரப்பாக்கத்தை ஒட்டிய புதர்க்காட்டில் எங்களுக்கு வழிகாட்டியவர். விறகு வெட்டிப் பிழைத்தவர். முழங்காலுக்குக் கீழே அவர் கத்தி இறங்காது. "அடிய வுட்டாத்தானே அடுத்த வருசமும் அடுப்பு எரியும்" என்பார்.

எங்களுக்கு அடிதான் வேண்டும். மழைக்குப் பின் ஒரே ஒரு சரிவில் பூக்கும் தரை ஆர்க்கிட். உலர்த்தித் தாளில் ஒட்ட ஆளுக்கு ஒன்று. கிழங்கு இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும்.

"இன்னா காலேஜி, போன வருசம் வந்ததுங்களும் இதையேதான் நோண்டிகினு போச்சுங்க. ஒண்ண வெச்சி எல்லாரும் பாக்கக் கூடாதா?"

"ஆளாளுக்குத் தனியா வெக்கணும்க்கா."

"நல்ல படிப்பு! ஒரே கொயம்ப நாப்பது அடுப்புல வெக்கிறீங்க."

சிரித்தோம். அன்று கடைசியாக மிஞ்சிய செடியை நான் தோண்டினேன். அடுத்த மழைக்கு ஒன்றும் முளைக்கவில்லை.

முதுகலையில் அந்தக் காட்டைப் பற்றி அறிக்கை எழுதினேன். ஆர்க்கிட் மறைந்ததற்குக் காரணம்: விறகு வெட்டுதல். யோசிக்கவே இல்லை. படித்த எல்லாவற்றிலும் காரணம் அதுவாகத்தான் இருந்தது. அறிக்கை அதிகாரிகளிடம் போனது. முள்வேலி வந்தது. அக்கா சித்தாள் வேலைக்குப் போனார்.

ஒரு மதியம் பெருங்களத்தூரில் பார்த்தேன். தலையில் செங்கல்.

"எங்களப் பத்தி எழுதினியாமே. எம் பேரப் போட்டியா?"

"இல்லக்கா."

"அதுவரிக்கும் நல்லது. வெயில்ல நிக்காத, போ."

பெயர் போடவில்லை. நன்றிப் பக்கத்திலும்.

செல்வியைப் பார்த்த மறுநாள் கல்லூரியின் தாவரவியல் துறைக்குப் போனேன். அலமாரியில் ஆர்க்கிட் தாள்கள் கட்டுக்கட்டாக. எல்லாம் அந்தச் சரிவு. எல்லாம் கிழங்கோடு. கடைசித் தாளில், சேகரித்தவர் என்ற இடத்தில், என் கையெழுத்து.

அடியை விடச் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் அவரிடமிருந்து எனக்கு மிச்சம். அவர் சொன்னபோது அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கூட வைக்கவில்லை.

அறிக்கையின் துறைப் பிரதியை எடுத்தேன். 'விறகு வெட்டுதல்' என்பதை அடித்துவிட்டு, 'மாணவர்கள் தோண்டியது. கடைசிச் செடியை எடுத்தவள் நான்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பிறகு, செல்வியிடம் படித்துக்காட்ட ஊரப்பாக்கத்துக்கு ரயிலேறினேன்.