மெங் ஒக்-ஜூ பஸ்ஸை விட்ட கதை

மொக்போ துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தையில் எனக்கு உப்பு இறால் கடை. அடுத்த கடை சாங்-கியுடையது. காரம் தடவி ஊறவைத்த கோஸ் கிம்ச்சி, கருவாட்டு வறுவல், சோயாவில் ஊறிய நண்டு என்று சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள எல்லாம் கிடைக்கும். வாசலில் அவன் மனைவி மெங் ஒக்-ஜூ ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்பாள். தலைக்கு மேலே பலகையில் அவள் முகம், பக்கத்தில் ‘அம்மா கைமணம்’ என்று எழுத்து. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒக்-ஜூவுக்கு ஒரு முட்டையை ஒழுங்காகப் பொரிக்கத் தெரியாது.

அவள் டவுன் பஸ் டிரைவர். டிரைவராக இருந்தாள் என்று சொல்ல இன்னும் நாக்கு பழகவில்லை. மலையடிவாரத்துச் சந்துகளில் அவ்வளவு பெரிய வண்டியை ஒடித்துத் திருப்புவதில் அவளை மிஞ்ச டிப்போவில் ஆள் கிடையாது. ஆரம்பத்தில் பொம்பளை டிரைவர் என்றதும் ஏறின காலோடு இறங்கிப்போனவர்கள் உண்டு. ஒரு கிழவர், “பொம்பளை கையில உசுரைக் கொடுக்கச் சொல்றியா?” என்று கேட்டாராம். “அடுத்த பஸ் வர நேரமாகும் தாத்தா. நடந்தே போங்க, உடம்புக்கு நல்லது” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். ஷிப்ட் முடிந்து வரும்போது இப்படி ஒரு கதையாவது கொண்டுவருவாள். “ஸ்டீயரிங்கைப் பிடிச்சாத்தான் எனக்கு மூச்சே ஒழுங்கா வருது அக்கா” என்பாள்.

வீட்டில் அடுப்பு சாங்-கி வசம். கப்பல் கட்டுமிடத்தில் வெல்டராக இருந்தவன், சாரத்திலிருந்து விழுந்து முதுகு போனது. வீட்டில் முடங்கிக் கிடந்தவன் பொழுதுபோகச் சமைக்க ஆரம்பித்தான். என்ன கைமணம் என்கிறீர்கள்! என் இறாலை என்னாலேயே அவன் கிம்ச்சியில் அடையாளம் காண முடியாது, அவ்வளவு ருசியாகச் சேர்த்துவிடுவான். அந்தத் தைரியத்தில்தான் கடை போட்டான்.

வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, “வீட்டம்மா இல்லையா?” என்பார்கள். “நான்தாங்க செய்யறேன்” என்பான். உடனே முகம் ஒரு மாதிரி ஆகிவிடும், வேறு கடைக்குப் போய்விடுவார்கள். ஓட்டலில் ஆம்பிளை சமைத்தால் மாஸ்டர் என்கிறார்கள். அதே ஆள் வீட்டுக் கிம்ச்சி போட்டால் கையாலாகாதவனா? என்ன நியாயமோ. கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் டிவிக்காரர்கள் வந்தார்கள். ஆண்கள் வேலையைச் செய்யும் பெண்கள் என்று காலையில் ஏதோ நிகழ்ச்சியாம். புருஷன் கடையையும் காட்டுவதென்றால் சரி என்றாள் ஒக்-ஜூ. நிகழ்ச்சிக்கு எழுதுகிற சின்னப் பெண் ஒருத்தி, தேன் ஒழுகப் பேசினாள்.

“பஸ் ஓட்டறது நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா பார்க்கறவங்க மனசைத் தொடணும்ல? வேலை முடிஞ்சு வந்து குடும்பத்துக்காக நீங்க கிம்ச்சி போடற மாதிரி ஒரு சீன் வெச்சுக்கலாம்.”

“நான் போட்டா தின்னவன் ஆஸ்பத்திரிக்குத்தான் போவான்.”

“சும்மா நடிப்புதானே அக்கா. கடைப் பேரைப் பெரிசாப் போட்டுடறோம்.”

சாங்-கியும், “ஒரு நாள் கூத்துதானே, விடு” என்றான். கை மட்டும் தெரிகிற இடங்களில் அவனே கோஸ் இலைகளுக்கு நடுவே மசாலா தடவினான். ரப்பர் கையுறை போட்டால் ஆம்பிளைக் கை என்ன, பொம்பளைக் கை என்ன. பிறகு கையுறையைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டு, அவர்கள் சொன்னபடி சோபாவில் போய்க் காலை நீட்டிக்கொண்டான்.

டிவியில் பஸ் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. மீதியெல்லாம் அடுப்படி. ‘பகலெல்லாம் பஸ், மாலையில் அடுப்பு, இந்தத் தாய்க்கு ஓய்வேது?’ என்று அழுகிற குரலில் ஒருத்தி கேட்டாள்.

மறுநாள் சந்தையில் கூட்டம் முண்டியடித்தது. எல்லோரும் கேட்டது ஒக்-ஜூவை. அவள் பஸ்ஸில் இருந்தாள்.

“நான்தாங்க செய்யறேன்” என்றான் சாங்-கி.

“நல்லா இருக்கே கதை” என்றாள் ஒருத்தி. “உழைக்கிறது அவ, பேர் உனக்கா? டிவியில பார்த்தோமே, காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்த லட்சணத்தை.”

எனக்கு இறால் கரண்டியால் அவள் மண்டையில் போடலாம் போல் இருந்தது. வந்த கூட்டத்தில் பாதி வெறுங்கையோடு திரும்பியது. ஒக்-ஜூவுக்கு விடுமுறை வந்த அன்று மட்டும் அவள் வாசலில் நின்றாள், மத்தியானத்துக்குள் ஜாடியெல்லாம் காலி. மூன்று பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

எங்கள் கடைகளுக்கு நடுவே வெறும் பலகைத் தடுப்பு. அடைக்கிற நேரத்தில் அவர்கள் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“நீ வண்டியை விடாதே, தல்-மி அம்மா. கடையை மூடிடலாம்.” தல்-மி அவர்கள் மகள், வெளியூரில் படிக்கிறாள்.

“மூடிட்டு? உன் முதுகுக்கு எவன் வேலை தருவான்?”

“அப்ப டிவிக்காரங்களை நிஜத்தைச் சொல்லச் சொல்லு.”

“கேட்டுட்டேன். ‘நல்லாத்தானே போய்ட்டிருக்கு, ஏன் அக்கா கெடுத்துக்கறீங்க’ங்கறா அந்தப் பொண்ணு.”

சாங்-கி அழுதான். அவள் அழவில்லை. அந்த வாரமே வேலையை விட்டாள். அவள் முகம் போட்ட பலகை வந்தது, கடைக்குள் திரைச்சீலை வந்தது. அதற்குப் பின்னால் நின்று சாங்-கி சமைக்கிறான், ஆள் இருக்கும்போது இருமக்கூட மாட்டான்.

வசந்தத்தில் ஒருநாள் அவள் என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு டிப்போவுக்குப் போனாள். காலை ஷிப்ட் மட்டுமாவது கிடைக்குமா என்று கேட்கத்தான். போன வேகத்தில் திரும்பிவிட்டாள்.

“என்ன சொன்னான் மேனேஜர்?”

“‘ஆசைப்பட்ட அடுப்படிக்கே போயிட்டீங்க, மறுபடி எதுக்கு இந்தக் கஷ்டம்’னு கேக்கறான் அக்கா. என் வண்டியை ஒரு சின்னப் பையனுக்குக் கொடுத்துட்டாங்க.”

அவனும் டிவி பார்த்தவன்தானே. அதன் பிறகு அவள் என் கடைக்குக் கதை சொல்ல வருவதில்லை. நானும் கேட்பதில்லை.

போன வாரம் கைக்குழந்தையோடு ஒரு பெண் கிம்ச்சி வாங்க வந்தாள். “சித்தி, நீங்க முன்னாடி பஸ் ஓட்டினீங்களாமே? ஐயோ பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க. இப்பத்தான் நிம்மதியா இருக்கும், இல்ல?” என்றாள்.

நான் இறால் அள்ளுவதை நிறுத்திவிட்டேன். இன்றைக்கு இவள் வசமாக வாங்கிக் கட்டிக்கொள்ளப்போகிறாள் என்று நினைத்தேன், அப்படி ஒன்று கேட்க எனக்கு ஆசையாகவும் இருந்தது. ஒக்-ஜூ டப்பாவின் மூடியை நான்கு பக்கமும் அழுத்தினாள், பையில் போட்டாள், குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள்.

“ஆமாம்மா, இப்பத்தான் நிம்மதி” என்றாள்.

திரைக்குப் பின்னால் கத்திச் சத்தம் நின்றது. அவள் வாய்விட்டு அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.