பால் ஊற்ற வந்த கூட்டம்

1991-ஆம் வருடம், மாசி மாதம். ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டு கிராமத்தில் நடந்தது இது. எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவில் ஆராய்ச்சிப் பயிற்சிக்கு நான் சேர்ந்த புதிது. "ஊரில் எல்லாரும் குழந்தை டாக்டர், கண் டாக்டர் என்று படிக்கிறார்கள். உனக்கு ஏண்டி இந்தக் கிழவர் டாக்டர் வேலை?" என்று அம்மா தினமும் தலையில் அடித்துக்கொள்வார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அன்றுதான் முதல் முறையாக வெளியூர்ப் பயிற்சி!

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பேராசிரியை கண்டிப்பானவர். 'இனி செய்ய ஒன்றுமில்லை' என்று சொல்லி மருத்துவமனைகள் வீட்டுக்கு அனுப்பிவிடும் முதியவர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. குணப்படுத்த முடியாத நோயாக இருந்தாலும் வலியைக் குறைக்கலாம், மனக்குறையைக் கேட்கலாம், செய்வதற்கு நிறைய இருக்கிறது என்பார். அந்தக் காலத்தில் இதைச் சொன்னால் டாக்டர்களே சிரிப்பார்கள்.

படப்பையைத் தாண்டி வேன் போய்க்கொண்டிருக்கும்போது, என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த திருநெல்வேலி நண்பர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். நான் மட்டும் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி, நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். போட்டிருந்ததும் புத்தம்புது வெள்ளைக் கோட்டு.

முதல் வீட்டில் இருந்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. முந்தைய மாதம் பேராசிரியை எழுதிக் கொடுத்திருந்த மருந்தில் வலி கொஞ்சம் மட்டுப்பட்டு, கட்டிலில் தலையணைகளை அண்டக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கேட்கும் பொறுப்பைப் பேராசிரியை எனக்குக் கொடுத்தார். வலி, தூக்கம், சாப்பாடு எல்லாம் கேட்டு முடித்து, கடைசிக் கேள்விக்கு வந்தேன்.

"மனசுல யாரையாவது பாக்கணும்னு ஆசை இருக்குங்களா ஐயா?"

பெரியவர், "எம் பொண்ணப் பாக்கணும்மா. அத்தப் பாத்து ரொம்ப வருசம் ஆவுது" என்றார்.

வாசற்படி ஓரம் நின்றிருந்த மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார். பாவம், மனசு தாங்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்குள்ளே ஒரே குதியாட்டம். முதல் நாள், முதல் நோயாளி, இப்படி மனம் திறந்து ஒரு பதில்! பேராசிரியையும் லேசாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் ஒரு மெடலாகவே எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனேன்.

மற்ற வீடுகளை முடித்துவிட்டு மதியம் திரும்பி வந்தால், பெரியவர் வீட்டு வாசலில் ஜனத்திரள்! இரண்டு பேர் பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் நான்கைந்து பேர் தோளோடு தோள் சேர்ந்து ஒப்பாரிக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். மேளக்காரருக்கும் ஆள் போயாகிவிட்டதாம். காலையில் நன்றாகப் பேசியவர் அதற்குள் எப்படிப் போவார்?

வாசலில் நின்ற ஒரு அம்மாள்தான் விஷயத்தைச் சொன்னார். "இன்னா டாக்டரம்மா தெரியாத மாதிரி கேக்கறீங்க? வெள்ளக் கோட்டு மாட்டிக்கினு மூணு டாக்டருங்க வூட்டுக்கே வந்தீங்க. யாரப் பாக்கணும்னு கடைசி ஆசயும் கேட்டுட்டீங்க. அப்பறம் இன்னா கீது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் பக்கத்தில் அந்தக் கேள்வியை எப்போது கேட்பார்கள்? கை விட்டுப்போன பிறகுதானே! நாங்கள் ஆராய்ச்சிக்காக வைத்திருந்த கேள்வி, அந்த ஊருக்கு மரண அறிவிப்பாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

உள்ளே ஓடினேன். சாய்ந்து உட்கார்ந்திருந்தவரை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். பங்காளிகள் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் கரண்டியால் வாயில் பால் ஊற்ற, அது மூச்சுக்குழாய்க்குள் போய், பெரியவர் கண் பிதுங்க இருமிக்கொண்டிருந்தார். போகாத உயிரைப் பாலே வாங்கிவிடும் போலிருந்தது. நானும் நண்பரும் அவரைத் தூக்கி உட்கார வைத்து, முன்பக்கம் சாய்த்து முதுகைத் தட்டினோம். மூச்சு வந்ததும் அவர் முதலில் சொன்னது இதுதான்.

"அடப் பாவிங்களா! நான் இன்னும் உசுரோடத்தான் கீறேன்!"

வீடே சிரிப்பும் அழுகையுமாக அமளிப்பட்டது. வயலிலிருந்து சேற்றுக்காலோடு ஓடி வந்திருந்த மகன் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். அதோடு முடிந்திருந்தால் அது ஒரு வேடிக்கைக் கதை, அவ்வளவுதான்.

அப்போது தெருவில் ஒரு பெண் வந்து நின்றாள். கம்பெனி யூனிஃபார்ம் சேலை, மூச்சிரைப்பு, அழுது வீங்கிய முகம். பெரியவரின் மகள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள், கூட வேலை பார்த்த வேறு ஜாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு அண்ணன் போட்ட சபதம், 'அப்பா செத்தால்தான் அவள் இந்த வாசப்படியை மிதிக்கணும்' என்பது. காலையில் மருமகள் தெருவுக்கு ஓடியது, கம்பெனி கேட்டுக்குத் தகவல் சொல்லி அனுப்பத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. பாதி ஷிஃப்டில் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

தங்கையைக் கண்டதும் மகனின் கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"டாக்டரம்மா, ஒளிக்காம சொல்லுங்க. எங்கப்பா இன்னிக்குத் தாங்குவாரா, மாட்டாரா?"

'தாங்குவார்' என்றால் அவளை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். 'மாட்டார்' என்றால் உள்ளே விடுவார், ஆனால் அது பச்சைப் பொய். பேராசிரியையைப் பார்த்தேன். "உங்க பேஷன்ட். நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார்.

உண்மையைத்தான் சொன்னேன். "இன்னிக்கு ஒண்ணும் ஆகாதுங்க. ஆனா இந்த நோய் குணமாகாது. இன்னிக்கு அவருக்கு ஆளைத் தெரியுது, பேச முடியுது. நாளைக்கும் அப்படியே இருக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

மகன் முதல் வாக்கியத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அப்போ அவ போவட்டும். வரவேண்டிய நாள்ல வரட்டும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"டேய்! ஊர்ல கீறவன் எல்லாம் எனக்குப் பால் ஊத்தலாம், நான் பெத்த பொண்ணு ஊத்தக் கூடாதா? பால் ஊத்த வந்தவள வாணாம்னு சொல்ல நீ யாருடா?"

ஒப்பாரிக்கு உட்கார்ந்திருந்த பெண்கள் ஒரே குரலில் பிடித்துக்கொண்டார்கள். "அதான? பகையாளி வந்தாலே வழி வுடணும். கூடப் பொறந்தவ மேல இன்னாய்யா உனக்கு?" பால் ஊற்ற வந்தவரைத் தடுப்பது அந்த ஊரில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம். அவர் சாகிறாரா இல்லையா என்பதெல்லாம் அங்கே யாருக்கும் கணக்கில்லாமல் போயிற்று. மகன் தரையைப் பார்த்தபடி ஓரமாக ஒதுங்கினார்.

அவள் உள்ளே வந்தாள். நான் பெரியவரின் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் டம்ளரிலிருந்து கரண்டியில் பாலை மொண்டாள். பெரியவர் கரண்டியைத் தள்ளிவிட்டு, டம்ளரையே வாங்கிக்கொண்டார். மடக்கு மடக்காக, நிதானமாக, முழுப் பாலையும் குடித்து முடித்தார்.

"இன்னாம்மா, சக்கரையே போடலயே!"

அவள் சிரித்தாள், உடனே அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்கும் கண்ணீர் கொட்டியது. வெளியே பந்தல் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் அதற்கு முன்பு அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. தாம்பரம் வரும்வரை வேனில் வாய் ஓயாமல் பேசினேன். "எம்மா, கொஞ்சம் மூச்சு விடுதியா?" என்று நண்பர் கையெடுத்துக் கும்பிட்டார்.

பேராசிரியை ஒன்றே ஒன்று சொன்னார். "அடுத்த தடவை அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, ஏன் கேட்கிறோம்னு வீட்டாருக்கு முதல்ல சொல்லிடணும். அதோட, இந்தக் கோட்டெல்லாம் வேண்டாம்." கேள்வியை எடுத்துவிடச் சொல்லவில்லை.

பெரியவர் ஆடி பிறக்கும் முன்பு இறந்துபோனார். அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் மகள் வந்தாள். அண்ணன் அவளிடம் பேசவில்லையாம். ஆனால் ஞாயிறு என்றால் பஸ் வரும் நேரத்துக்கு, அவளைக் கூட்டிப் போக ஒரகடம் கூட்டுரோட்டில் சைக்கிளோடு நிற்பாராம். மருமகள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இன்று இளம் டாக்டர்களுக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். 'இன்னும் எத்தனை நாள் டாக்டர்?' என்று கேட்கும் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது என்று அவர்கள் விழிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீடு கண்முன் வந்துவிடும். நாள் சொல்ல நமக்குத் தெரியாது, அதனால் வர வேண்டியவர்களை நோயாளி கண்ணால் பார்க்க முடிகிறபோதே வரச் சொல்லுங்கள் என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.