சும்மாட்டு விளக்கு

தச்சு வேலைக்குக் கானாவுக்குப் போகிறேன் என்றதும் குடவாசல் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையே சிரித்தது. இங்கே இல்லாத மரமா அங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். துபாய்க்குப் போகிறவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆப்பிரிக்கா என்றால் மட்டும் எல்லாருக்கும் வாய் நீண்டுவிடும்.

என் முதலாளியம்மா அந்த ஊர்க்காரர். முக்காலி, நாற்காலி, விளக்கு எதுவானாலும் தன் குடும்பத்தில் புழங்கிய சாமான்களைப் பார்த்தே வரைவார். அவர்கள் வழக்கப்படி ஒருவருடைய முக்காலியில் இன்னொருவர் உட்காரக் கூடாதாம். எழுந்து போகும்போது அதைச் சாய்த்து வைத்துவிடுவார்களாம். உங்கள் வீட்டில் என்ன இருந்தது என்று ஒருநாள் என்னைக் கேட்டார். கோரைப்பாய் இருந்தது. வேறென்ன இருக்கும்? ஆண்டை வீட்டுப் பண்ணையில் உழைத்த குடும்பம் எங்களுடையது. உட்கார எங்களுக்குத் தரை இருந்தது, அதுவும் அவர்களுடையது.

அப்புறம் அப்பாவின் சும்மாடு ஞாபகம் வந்தது. துண்டை முறுக்கி வளையமாகச் சுற்றித் தலையில் வைத்து, அதன்மேல்தான் பாரம் ஏற்றுவார்கள். ஆண்டை வீட்டுக் கல்யாண ஊர்வலங்களில் அப்பா அதன்மேல் காஸ் லைட்டை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை காருக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறார். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது இது. "உங்கப்பா தூக்குனா வெளக்கு ஆடாது" என்று அம்மா சொல்வாள், கொஞ்சம் பெருமையாகவே. என் துண்டைச் சுற்றிக் காட்டினேன். முதலாளியம்மா என் கையிலிருந்து அதை வாங்கித் தன் தலையிலேயே வைத்துக்கொண்டார். அவருடைய அம்மா சந்தைக்குக் கூடை சுமந்ததும் இதே மாதிரி வளையத்தின் மேல்தானாம். அதற்கு அவர்கள் பாஷையிலும் ஒரு வார்த்தை இருந்தது.

செய்தேன். கறுத்த மரத்தில் நிமிர்ந்த கழுத்து, முகமில்லாத தலை, அதன்மேல் முறுக்குத் தெரியச் செதுக்கிய வளையம், வளையத்தில் கண்ணாடிக் கூண்டு, உள்ளே பல்பு. அதுவரை மற்றவர்கள் வரைந்ததை இழைத்துக்கொண்டிருந்தவன் நான். எனக்கே எனக்கென்று தோன்றிய முதல் சாமான் அது. ஒரு பெரிய ஹோட்டல் தன் கூடம் முழுக்க வைக்க அதைக் கேட்டது. முதலாளியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்து எடுத்ததை வீட்டில் கேட்காமல் விற்கக் கூடாது, உன் அப்பா சரி என்றால் செய்வோம், இல்லையென்றால் இல்லை என்றுவிட்டார். சும்மா ஒரு சம்பிரதாயம், அப்பா வேண்டாம் என்றா சொல்லப்போகிறார் என்று நினைத்து லீவு போட்டு வந்தேன்.

கவர்மெண்டு கட்டிக்கொடுத்த காலனி வீடு எங்களுடையது. கழற்றிக் கொண்டுவந்த விளக்கை அங்கே கூடத்தில் திரும்பப் பொருத்தி சுவிட்சைப் போட்டேன். அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். அப்பா விளக்கை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு, யார் இது என்று கேட்டார்.

"நீங்கதாம்ப்பா" என்றேன்.

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆட்சி மாறிய புதிது. எங்கள் தெரு ஆட்கள் விவசாயக் கூலிச் சங்கத்தில் சேர்ந்து, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, அறுப்பு நின்றிருந்த சமயம். ஆண்டை மகளுக்குக் கல்யாணம் வந்தது. இனி யாரும் விளக்குத் தூக்குவதில்லை என்று தெருவே கூடி முடிவெடுத்திருந்தது. ஆண்டையின் ஆட்கள் அப்பாவை மட்டும் வந்து இழுத்துப்போய் விளக்கைத் தலையில் ஏற்றினார்கள். கோயில் வாசல்வரை நடந்தவர், அத்தனை பேர் பார்க்க விளக்கை இறக்கித் தரையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். மறுநாள் தேடிவந்த அடியாட்களிடம் அப்பா அகப்படவில்லை. சித்தப்பா அகப்பட்டார்.

சித்தப்பா ஏதோ வயல் தகராறில் செத்தார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மாவைப் பார்த்தேன். அவள் குனிந்துகொண்டாள்.

"நான் எறக்கி வெச்சதுக்குத்தான் அவன் போனான்" என்றார் அப்பா. "அத நீ மறுபடியும் ஏத்தி வெச்சிருக்க."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. பிளக்கைப் பிடுங்கப் போனேன். எரியட்டும் விடு என்றார்.

வாசலுக்குப் போய் முதலாளியம்மாவுக்குப் போன் செய்தேன். அப்பா என்ன சொன்னார் என்று ஆசையாகக் கேட்டார். இறக்கி வைத்தது என்பதைச் சொல்ல என்னிடம் இருந்த இங்கிலீஷ் போதவில்லை. வேண்டாம் என்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. சரி, ஹோட்டலுக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார். எனக்கு அதிலும் வருத்தம் தோன்றவில்லை.

உள்ளே வந்தபோது அப்பா விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த மரக் கழுத்தைப் பின்பக்கமாகத் தடவிக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கண்டும் கையை எடுக்கவில்லை.

"கழுத்து இப்புடி நிமுந்து நிக்காதுடா" என்றார். "வலிக்கும்."